கரூர் பெட்ஷீட், கையிருப்பில்லாத கடை: ஒரு டிராப்ஷிப்பிங் செய்முறைப் பதிவு

டிராப்ஷிப்பிங்கில் கடைக்காரர் சரக்கைத் தொடுவதே இல்லை. கொச்சியில் ஒருவர் மொபைலில் பணம் கட்டுகிறார். கரூர் குடோனில் இன்னொருவர் பெட்ஷீட்டை மடித்துக் கவரில் போடுகிறார். கூரியர் வண்டி வந்து எடுத்துப் போகிறது. எதிலும் கடைக்காரரின் கை படுவதில்லை. அதனால் மற்ற வியாபாரத்தில் கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் ஒவ்வொன்றையும் இங்கே முன்கூட்டியே அளவாகவும் எழுத்தாகவும் லேபிளாகவும் மாற்றி வைக்க வேண்டும். இணையதளம் கட்டுவது இரண்டு நாள் வேலை. பார்சல் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதுதான் கடை நடக்கும் வரை தீராத வேலை, லாபமும் அதில்தான் இருக்கிறது.

இந்தப் பதிவில் உள்ள கடையின் அமைப்பு இது: பதிவு முகவரி கோயம்புத்தூர். பொருள், காட்டன் டபுள் பெட்ஷீட் செட், அதாவது ஒரு விரிப்பும் இரண்டு தலையணை உறையும். கரூரில் ஒரே சப்ளையர். வேர்ட்பிரஸ் மேல் வூகாமர்ஸ் (இணையக் கடை நடத்தும் மென்பொருள்) தளம். தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா தவிர வேறெங்கும் அனுப்புவதில்லை. கீழே வரும் கூரியர், விளம்பரத் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டும் மாதிரிகள்தான். உங்கள் ரேட் கார்டில் உள்ள எண்ணைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.

பெட்ஷீட்டைத் தேர்ந்ததற்குக் காரணம், சட்டை போல அளவு பொருந்தாமல் திரும்பி வராது, கண்ணாடிச் சாமான் போல உடையாது. சரக்கு விளையும் ஊர் பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது. தகராறு வந்தால் நேரில் போய் நிற்கலாம். வெளிநாட்டிலிருந்து நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கு வரும் சின்னச் சின்ன எலக்ட்ரானிக் சாமான்களை இந்தியாவில் தொடங்குபவருக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. சுங்கம், பல வார காத்திருப்பு, பழுதானால் திருப்பி அனுப்ப வழியில்லாமை என மூன்றும் சேர்ந்து கடையின் பெயரைக் கெடுத்துவிடும்.

சப்ளையரைப் பிடிப்பது

கரூரில் பெரிய நிறுவனங்கள் ஏற்றுமதிக்கு ஓடுகின்றன. அவர்களிடம் ஒரு பீஸ், இரண்டு பீஸ் என்று கேட்பதில் பயனில்லை. தேட வேண்டியது உள்நாட்டு மொத்த வியாபாரம் செய்யும் ஸ்டாக்கிஸ்ட்டையோ, சொந்தமாகக் குடோனும் இரண்டு பேக்கிங் ஆளும் வைத்திருக்கும் விசைத்தறிக்காரரையோ. ஈரோடு கனி மார்க்கெட்டில் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குச் சரக்கு போடுகிறவர்களில் பலருக்குத் தினசரி அனுப்பிப் பழக்கம் உண்டு. அங்கே விசாரித்தால் கரூர், சென்னிமலைப் பக்கத்து ஆட்கள் கிடைப்பார்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல. "இந்த டிசைன் ஆறு மாதத்துக்குத் தொடர்ந்து ஓடுமா, நூல் கையில் இருக்கா?" என்று கேளுங்கள். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் (ஏற்றுமதியில் மிஞ்சியது) என்று சொல்லிப் பாதி விலைக்குக் காட்டும் சரக்கு பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அது நாற்பது பீஸோடு முடிந்துபோகும். படம் எடுத்து, விளம்பரம் ஓட்டி, ஆர்டர் ஏறத் தொடங்கும்போது சரக்கு தீர்ந்திருக்கும். கடையில் அடுக்கி வைத்து விற்பவருக்கு சர்ப்ளஸ் நல்ல சரக்கு. டிராப்ஷிப்பிங்குக்கு அது ஆகாது.

சப்ளையருக்கு இதில் என்ன லாபம் என்பதையும் யோசிக்க வேண்டும். நூறு பீஸ் பண்டலைத் தூக்கிப் போட்டால் அவருக்கு வேலை முடிந்தது. ஒவ்வொரு பீஸாக மடித்து, லேபிள் ஒட்டி அனுப்பச் சொல்கிறோம். அதற்குக் கூலி தராமல் மொத்த விலையைக் கேட்டால் முதல் வாரம் ஒப்புக்கொள்வார், மூன்றாம் வாரம் பார்சல் தாமதமாகும். பீஸுக்கு 15 ரூபாய் பேக்கிங் கூலி, 20,000 ரூபாய் முன்பணம், வாரக் கணக்கு முடிப்பு என்று பேசினால் வேலை நடக்கும். ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டியவை: விலை 60 நாளுக்கு மாறாது, காலை 11 மணிக்குள் வந்த லேபிள் அன்று மாலை வண்டியில் ஏறும், நெசவுக் குறை, கறை, கிழிசல் இருந்தால் மாற்றுப் பீஸ் அவர் செலவு, வாங்காமல் திரும்பும் பார்சலைப் பிரித்து, மடித்து, மீண்டும் அடுக்கப் பீஸுக்கு 40 ரூபாய் கடையின் செலவு, லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய சரக்கு) மாறினால் அனுப்பும் முன் போட்டோவும் ஒரு பீஸும் கடைக்கு வர வேண்டும்.

கடைசி வரி முக்கியம். சாயப்பட்டறையில் ஒரே ரெசிபியைப் போட்டாலும் இந்த லாட்டின் மெரூனும் அடுத்த லாட்டின் மெரூனும் ஒன்றாக இராது. தளத்தில் இருப்பது பழைய லாட்டின் படம். "போட்டோவில் ஒரு கலர், வந்தது ஒரு கலர்" என்ற புகார் பல நேரம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

சாம்பிளை வீட்டில் சோதிப்பது

ஒவ்வொரு டிசைனிலும் மூன்று பீஸ் விலை கொடுத்தே வாங்குங்கள். இலவச சாம்பிள் என்றால் பொறுக்கி எடுத்த பீஸ் வரும். அடுக்கின் நடுவிலிருந்து நீங்களே உருவுங்கள்.

அளவு: டேப்பை நான்கு ஓரத்திலும், நடுவிலும் வைத்துப் பாருங்கள். 90×100 இன்ச் என்று சொல்லி 88×97 வருவது சாதாரணம். தளத்தில் எழுத வேண்டியது டேப்பில் வந்த மிகக் குறைந்த அளவு.

சுருக்கம்: துணியில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரம் ஒன்றை அழியாத மையால் வரைந்து, வெதுவெதுப்பான நீரில் துவைத்து, நிழலில் காயவைத்து மீண்டும் அளக்கவும். 50 செ.மீ. 48 ஆனால் 4 சதவீதச் சுருக்கம். காட்டனில் 3 முதல் 5 சதவீதம் வரை எதிர்பார்க்கலாம். 46-க்கு வந்தால் அந்த டிசைன் வேண்டாம். 100 இன்ச் விரிப்பு 92 ஆகிவிடும், மெத்தை ஓரத்தில் செருக இடம் இராது.

சாயம்: வெள்ளைக் காட்டன் துணியை நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, அடர் நிறப் பகுதியில் பத்து முறை அழுத்தித் தேய்க்கவும். லேசாக நிறம் ஏறினால் "முதல் இரண்டு துவைப்பு தனியாக" என்று தளத்தில் எழுதி விற்கலாம். வெள்ளைத் துணி முழுக்க நிறமானால் விற்கக் கூடாது. பிறகு பக்கெட்டில் சோப்புத்தூள் கரைத்து, பெட்ஷீட்டின் ஓரத்தோடு ஒரு வெள்ளைத் துணியைத் தைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தேய்ப்பில் தப்பிய சாயம் இதில் காட்டிக்கொடுக்கும்.

நூல்: பாவிலிருந்து (நீளவாட்டு இழை) ஒன்று, ஊடையிலிருந்து (குறுக்கு இழை) ஒன்று என இரண்டு இழை உருவி நெருப்பில் காட்டுங்கள். காட்டன் காகிதம் எரிவது போல வாசம் வந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான கறுப்பு மணியாகத் திரளும். இரண்டு இழையையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பாவு காட்டன், ஊடை பாலியஸ்டர் என்று நெய்த துணியும் சந்தையில் நூறு சதவீதக் காட்டன் என்ற பெயரில் ஓடுகிறது.

எடை, மடிப்பு, கூரியர் ஸ்லாப்

இந்த ஒரு இடத்தில் நேரம் செலவழிப்பது விளம்பரத்தில் செலவழிப்பதை விட லாபம்.

கூரியர்கள் உண்மை எடையையும் கன அளவு எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குப் பணம் பிடிப்பார்கள். நீளம் × அகலம் × உயரம், செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோவில் கன அளவு எடை. சில கூரியர்கள் 4500, 4000 என்றும் வகுப்பார்கள், ஒப்பந்தத்தில் பாருங்கள். பிறகு அரைக் கிலோ ஸ்லாபாக (கட்டணப் படியாக), அதாவது அடுத்த அரைக் கிலோவுக்கு, மேலே ஏற்றுவார்கள்.

90×100 இன்ச் விரிப்பு 5.8 சதுர மீட்டர். 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) துணியென்றால் சுமார் 697 கிராம். 18×28 இன்ச் தலையணை உறை இரண்டு, இருபக்கமும் சேர்த்து 1.3 சதுர மீட்டர், 156 கிராம். மொத்தம் 853 கிராம், கவரெல்லாம் சேர்த்து 900. உண்மை எடைப்படி 1 கிலோ ஸ்லாப்.

குடோனில் வழக்கமாக மடிக்கிற மாதிரி மடித்தால் பார்சல் 30×25×8 செ.மீ. வரும். 6000-ஐ 5000-ஆல் வகுத்தால் 1.2 கிலோ, ஸ்லாப் 1.5. அதே பார்சலை 6 செ.மீ. உயரத்துக்கு அமுக்கினால் 0.9 கிலோ, ஸ்லாப் 1. இரண்டு செ.மீ. காற்றுக்கு ஒவ்வொரு பார்சலிலும் அரைக் கிலோ காசு போகிறது. திரும்பி வரும்போது அதே காசு இன்னொரு முறை.

செய்ய வேண்டியது: தலையணை உறைகளை விரிப்பின் கடைசி மடிப்புக்குள் தட்டையாகச் செருகவும். தனியாக மேலே வைத்தால் நடு மேடாகிவிடும். உள் பாலிதீன் கவரில் போட்டு, வாயை மூடும் முன் பலகையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி ஒட்டவும். வெளியே 14×18 இன்ச் கூரியர் கவர். கவரில் மிச்சமாகும் ஓரத்தை அடியில் மடித்து டேப் ஒட்டியே ஆக வேண்டும். கூரியர் ஹப்பில் அளக்கும் இயந்திரம் நீட்டிக்கொண்டிருக்கும் கவர் நுனியையும் நீளமாகவே கணக்கிடும். அட்டையில் 6 செ.மீ. உயரத்துக்கு ஒரு சந்து வெட்டிப் பேக்கிங் மேசையில் ஆணியடித்து வைத்துவிடுங்கள். பார்சல் அதில் நுழைந்தால் சரி, இல்லையென்றால் மீண்டும் அமுக்க வேண்டும். பேக்கிங் ஆளுக்கு டேப் பிடித்து அளக்க நேரமிராது.

ஒவ்வொரு டிசைனுக்கும் ஒருமுறை, லேபிள் தெரியும்படி தராசில் வைத்தும், டேப்பை மூன்று பக்கம் வைத்தும் போட்டோ எடுத்து வைக்கவும். எடை வித்தியாசம் என்று கூடுதல் பில் வரும்போது மறுப்புத் தெரிவிக்கச் சில நாள்தான் அவகாசம் இருக்கும். அப்போது போட்டோவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

உள் பாலிதீன் கவரைச் செலவு மிச்சமென்று விடச் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரியர் பை நனைந்து, துணியில் ஈர வாடையோடு போய்ச் சேரும் பார்சல் திரும்பாமல் இருக்காது. விடாதீர்கள்.

ஜிஎஸ்டி: யாருக்கு யார் பில் போடுவது

தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் சொந்தத் தளத்திலிருந்து பாலக்காட்டுக்கு ஒரே ஒரு பெட்ஷீட் அனுப்பினாலும் அது மாநிலம் விட்டு மாநில விற்பனை, முதல் பீஸிலிருந்தே பதிவு வேண்டும். காம்போசிஷன் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி) திட்டத்தில் இருப்பவர்கள் மாநிலம் தாண்டி விற்க முடியாது. அதனால் இந்தக் கடைக்கு வழக்கமான பதிவுதான்.

இங்கே நடப்பது இரண்டு விற்பனை. சப்ளையர் கடைக்கு விற்கிறார். கடை வாடிக்கையாளருக்கு விற்கிறது. பார்சல் கரூரிலிருந்து நேராகக் கொச்சிக்குப் போனாலும், ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநில விற்பனைக்கான வரி) சட்டம் 10(1)(b) பிரிவின்படி முதல் விற்பனையில் சரக்கைப் பெற்றவர் கடைக்காரராகவே கருதப்படுவார், அவருடைய முதன்மை வணிக இடமே சப்ளை நடந்த இடம். கடை கோயம்புத்தூர், சப்ளையர் கரூர். ஆகவே சப்ளையர் போடுவது மத்திய வரியான சிஜிஎஸ்டி 2.5 சதவீதம், மாநில வரியான எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம். கடை கொச்சிக்காரருக்குப் போடுவது ஐஜிஎஸ்டி 5. பார்சல் போகும் ஊரைப் பார்த்து சப்ளையரின் கணக்கர் ஐஜிஎஸ்டி போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. முதல் வாரமே சொல்லிவையுங்கள். வாங்கியதில் வந்த சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரவை ஐஜிஎஸ்டி கட்டப் பயன்படுத்தலாம் என்பதால் பணம் முடங்காது.

வரி விகிதம் 22.09.2025 முதல் மாறியிருக்கிறது. முன்பு 1,000 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12 சதவீதம். இப்போது பீஸ் 2,500 ரூபாய் வரை 5, அதைத் தாண்டினால் 18. விலை 2,500-ஐ நெருங்கும் காம்போ போடுவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வாங்காமல் திரும்பும் பார்சலுக்குச் சப்ளையர் கடைக்கும், கடை தன் விற்பனைக்கும் கிரெடிட் நோட் (போட்ட பில்லைக் கழிக்கும் சீட்டு) போட வேண்டும். விற்பனைக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 இன் 7-ஆம் அட்டவணையில் கழித்தது போக மிச்சம்தான் ஏறும். திரும்பிய ஆர்டர்களைக் கழிக்காமல் விட்டால் விற்காத சரக்குக்கு வரி கட்டுகிறீர்கள் என்று பொருள்.

பார்சலுக்குள் கடையின் பில் மட்டும் இருக்க வேண்டும். சப்ளையரின் பில் உள்ளே போனால் 520 ரூபாய் அடக்க விலை வாடிக்கையாளர் கையில் இருக்கும்.

தளத்தில் கவனிக்க வேண்டியவை

தீம், லோகோ பற்றி எழுத ஒன்றுமில்லை. வேகமாகத் திறக்கும் எளிய தீம் போதும். படங்கள் 1200×1200 பிக்சல், வெப்பி (WebP) வடிவம், ஒவ்வொன்றும் 150 கேபிக்குள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். துணியின் ஓரத் தையலைக் கிட்டத்தில் காட்டும் படம் ஒன்று அவசியம்.

அதன்பின் மூன்று அமைப்புகளில் தவறு நேர்கிறது.

முதலாவது வரி. விலையை வரியோடு சேர்த்து 1,099 என்று பதியும் முறையைத் தேர்ந்தெடுங்கள். வரிப் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5 என இரண்டு வரிகள். இரண்டுக்கும் முன்னுரிமை எண் 1 என்றே கொடுத்தால் வூகாமர்ஸ் ஒன்றைத்தான் எடுக்கும். 1, 2 என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். கேரளா, கர்நாடகா, புதுச்சேரிக்கு ஐஜிஎஸ்டி 5 தனித்தனி வரி. இதில் ஒரு மாநிலத்தை மறந்தால் அந்த மாநிலத்தவருக்கு விலை 1,099-க்குப் பதிலாக 1,046.67 என்று காட்டும். தளம் உள்ளூர் வரியைக் கழித்துவிட்டு, போடுவதற்கு வேறு வரி இல்லாமல் அப்படியே விட்டுவிடுகிறது. புதுச்சேரியில் இன்னொரு சிக்கல்: 605-இல் தொடங்கும் பின்கோடு விழுப்புரம் பக்கத்துக்கும் உண்டு. பின்கோடை வைத்து மாநிலத்தைத் தானாக நிரப்பும் பிளக்இன் போட்டிருந்தால் அங்கே மட்டும் வாடிக்கையாளரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

இரண்டாவது பணம். யுபிஐயில் கட்டுபவர் ஜிபேவுக்குப் போய்ப் பின் எண் அழுத்திவிட்டு, தளத்துக்குத் திரும்பாமல் அப்படியே மூடிவிடுவார். பணம் போய்விட்டது, தளத்துக்கு அது தெரியாது. ஆர்டர் "பணம் நிலுவை" என்றே நிற்கும். வூகாமர்ஸில் சரக்கைப் பிடித்துவைக்கும் நேரம் இயல்பாக 60 நிமிடம். அது கழிந்ததும் ஆர்டர் தானாக ரத்தாகும். வாடிக்கையாளர் மறுநாள் "பணம் எடுத்துட்டு ஏமாத்திட்டாங்க" என்று எழுதுவார், அவர் சொல்வது அவர் பக்கத்தில் நியாயம். பேமெண்ட் கேட்வேயின் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) டேஷ்போர்டில் வெப்ஹுக் முகவரியைப் பதிவு செய்தால், வாங்கியவர் திரும்ப வராவிட்டாலும் கேட்வே நேராகத் தளத்துக்குச் சொல்லிவிடும். பதிவு செய்தபின் சோதிக்க ஒரே வழி: ஒரு ரூபாய்க்கு ஒரு பொருள் போட்டு, யுபிஐயில் கட்டி, பிரவுசரை மூடிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஆர்டர் "ப்ராசஸிங்" ஆனால் சரி.

மூன்றாவது இருப்பு. எஸ்கேயு (பொருளின் அடையாள எண்) எண்ணில் டிசைன், அளவு, நிறம் மூன்றும் தெரியட்டும், "07-டபுள்-மெரூன்" போல. அதே எண்ணைக் குடோன் அடுக்கில் அட்டையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சப்ளையரோடு பகிர்ந்த கூகுள் ஷீட்டில் காலை 10 மணிக்கு எண்ணிக்கை ஏறும். அதிலிருந்து மூன்றைக் கழித்து, எஸ்கேயு, ஸ்டாக் என்ற இரண்டு பத்தியோடு சிஎஸ்வி ஆக்கி, தளத்தில் இம்போர்ட் செய்யும்போது "இருக்கும் பொருளைப் புதுப்பி" என்ற கட்டத்தை டிக் செய்யவும். டிக் இல்லாவிட்டால் இருக்கும் பொருட்கள் புதுப்பிக்கப்படாது. மூன்றைக் கழிப்பது, குடோன் வாசலில் உள்ளூர் வியாபாரி வந்து கையோடு எடுத்துப் போகும் பீஸ்களுக்காக. ஷீட் ஒரு நாள் வராவிட்டால் பழைய எண்ணை நம்பாதீர்கள், போன் செய்யுங்கள்.

சட்டப்படி தளத்தில் இருக்க வேண்டியவற்றையும் அப்போதே போட்டுவிடுங்கள்: தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் பெயர், முகவரி, பொருளின் அளவு, எண்ணிக்கை, எம்ஆர்பி. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு ஆள் கடையென்றால் அந்த அலுவலர் நீங்கள்தான்.

நூறு ஆர்டர் கணக்கு

விலை 1,099, வரி போக 1,046.67. அடக்கம் வரி இல்லாமல் 520. கூரியர் 85, பேக்கிங் 15, சிஓடி (பார்சலை வாங்கும்போது பணம்) கட்டணம் 40, கேட்வே 26, ஒரு ஆர்டர் பிடிக்க விளம்பரம் 180. நூறில் 60 சிஓடி, 40 முன்பணம் (ஆர்டரின்போதே ஆன்லைனில் கட்டியது). சிஓடியில் 15, முன்பணத்தில் 1 திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேர்ந்தது 84.

வரவு 87,920. செலவு: சரக்கு 43,680, பேக்கிங் 1,500, போகும் கூரியர் 8,500, சிஓடி 1,800, திரும்பும் கூரியர் 1,360, கேட்வே 1,040, விளம்பரம் 18,000, திரும்பியதை மடித்து அடுக்க 640. மொத்தம் 76,520. மிச்சம் 11,400.

இனி ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். சிஓடியில் 15-க்குப் பதில் 24 திரும்பினால் மிச்சம் 5,895. அல்லது திரும்புவது 15 ஆகவே இருந்து விளம்பரம் 180-லிருந்து 240 ஆனால் மிச்சம் 5,400. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தால் 105 ரூபாய் நஷ்டம். இதோடு பார்சல் 6 செ.மீ. சந்தில் நுழையாமல் ஸ்லாப் ஏறி, பார்சலுக்கு 30 ரூபாய் கூடினால் போக 100, வர 16 என முதல் கணக்கிலேயே 3,480 குறையும். டேஷ்போர்டில் விற்பனை ஒரு லட்சத்துக்கு மேல் என்று பச்சையாகக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணைப் பார்க்காதீர்கள். இந்தக் கணக்கை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஷீட்டில் திரும்பப் போடுங்கள்.

சிஓடியைக் கட்டுக்குள் வைப்பது

சிஓடியை அடியோடு நிறுத்தினால் புதுக் கடைக்கு ஆர்டரே வராது. அதனால் வடிகட்ட வேண்டும். முன்பணம் கட்டினால் 50 ரூபாய் குறைவு, சிஓடிக்கு 49 ரூபாய் கட்டணம் என்று வைத்தால் ஒரு பகுதி நகரும். 2,000 ரூபாய்க்கு மேல் சிஓடி வேண்டாம்.

ஆர்டர் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் உறுதி கேளுங்கள். "வணக்கங்க, மெரூன் டபுள் பெட்ஷீட் ஆர்டர் பண்ணியிருக்கீங்க, 1,148 ரூபாய் டெலிவரில கொடுக்கணும். முகவரி சரியாங்க? பக்கத்துல கோயில், ஸ்கூல், கடை ஏதாவது அடையாளம் சொல்லுங்க." அடையாளம் எழுதி அனுப்புகிறவர் பெரும்பாலும் பார்சலை வாங்கிக்கொள்வார். பதில் இல்லையென்றால் மறுநாள் காலை ஒரு போன். அதற்கும் எடுக்கவில்லையென்றால் லேபிள் போடாதீர்கள். கையை விட்டுப் போகாத பார்சல் திரும்பி வராது.

அனுப்பியபின் தினமும் மாலை 5 மணிக்குக் கூரியர் பேனலில் என்டிஆர் (டெலிவரி ஆகாத பார்சல்) பட்டியலைத் திறங்கள். "வாடிக்கையாளர் இல்லை" என்று பதிவாகியிருந்தால் உடனே அவரை அழைத்துக் கேளுங்கள். "யாருமே வரலீங்களே" என்று பலர் சொல்வார்கள். அன்றே மறு டெலிவரிக் கோரிக்கையை, மாற்று எண்ணும் அடையாளமும் சேர்த்துப் போடுங்கள். வழக்கமாக மூன்று முயற்சிதான். இரண்டாம் முயற்சிக்கு முன் தலையிட்டால் காப்பாற்றலாம், மூன்றாவதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஒரே பின்கோடில் மூன்று பார்சல் திரும்பினால் அந்தப் பின்கோடுக்கு சிஓடியை நிறுத்தி, கூரியரை மாற்றிப் பாருங்கள். சில ஊர்களுக்குப் பெரிய தேசியக் கூரியரை விட உள்ளூர்க் கூரியரோ ஸ்பீட் போஸ்ட்டோ நன்றாகச் சேரும்.

விளம்பரம்

மேலே சொன்ன சாம்பிள் சோதனைகளையே மொபைலில் படம் பிடியுங்கள். நனைந்த வெள்ளைத் துணியால் தேய்ப்பது, டேப் வைத்து அளப்பது, இழையைக் கொளுத்துவது. மாடல் வைத்து எடுத்த படத்தை விட இது விற்கும், பொய்யும் இல்லை. தலா 20 விநாடியில் மூன்று வீடியோ, நாளுக்கு 600 ரூபாய், ஐந்து நாள் எதையும் மாற்றாமல் விடுங்கள். இரண்டாம் நாளே பதறி பட்ஜெட்டை ஏற்றி இறக்கினால் மெட்டாவின் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நிறுவனம்) கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

விளம்பரக் கணக்கில் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்துவிடுங்கள். விளம்பரத்துக்கு 18 சதவீத வரி ஏறுகிறது, எண் இல்லாவிட்டால் அது வரவாகத் திரும்பாது. செலவை ஆர்டரால் வகுக்காதீர்கள், சேர்ந்த பார்சலால் வகுங்கள். மேலே உள்ள கணக்கில் 180 என்பது உண்மையில் 18,000-ஐ 84-ஆல் வகுத்த 214. மேலும், பிக்சலுக்கு (தளத்தில் வந்த ஆர்டரை மெட்டாவுக்குச் சொல்லும் நிரல் துண்டு) எல்லா ஆர்டரும் ஒன்றுதான். வாங்காமல் விடும் சிஓடிக்காரரையும் நல்ல வாடிக்கையாளர் என்று கற்றுக்கொண்டு அதே மாதிரி ஆட்களையே அழைத்து வரும். முன்பணம் கட்டிய ஆர்டரைத் தனிக் கன்வெர்ஷனாக (விளம்பரம் குறிவைக்கும் செயலாக) பிரித்துவைத்து, அதை நோக்கி விளம்பரத்தை ஓட்டுங்கள்.

ஆர்டர் கூடும்போது

நாளுக்கு 10 ஆர்டர் வருகிறது என்று வையுங்கள், 6 சிஓடி. சப்ளையருக்கு வரியோடு 546, கூரியர், சிஓடி கட்டணம், பேக்கிங், விளம்பரம் எல்லாம் சேர்த்து ஒரு சிஓடி ஆர்டரில் 866 ரூபாய் முன்னாடியே போகிறது. பார்சல் சேர 5 நாள், கூரியரிடமிருந்து பணம் வர 8 நாள், ஆக 13 நாள். ஆறு ஆர்டருக்கு 67,548 ரூபாய் வழியில் நிற்கும். முன்பண ஆர்டர் நான்குக்கு 3 நாளில் 9,912. மொத்தம் 77,460. நாளுக்கு 20 ஆர்டர் ஆனால் இது ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். லாபத்தில் இருக்கும் கடைகூட இந்த இடத்தில் சப்ளையருக்குப் பாக்கி வைத்து நின்றுபோகும். வாரக் கணக்கு முடிப்புப் பேசியிருந்தால் இதில் ஒரு பகுதி இறங்கும். மீதிக்குக் கையில் பணம் இல்லாமல் விளம்பரத்தை இரட்டிப்பாக்காதீர்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தறி ஆட்கள் ஊருக்குப் போவார்கள். குடோன் நான்கு நாள் மூடினால் அதன்பின் கூரியர் ஹப்பில் தேங்கி இன்னும் நான்கு நாள் போகும். பண்டிகைக்கு 8 நாள் முன்பு சிஓடியை நிறுத்தி, "பண்டிகைக்குப் பின் அனுப்பப்படும்" என்ற வரியைப் பணம் கட்டும் பக்கத்தின் மேலேயே போடுங்கள்.

அடுத்த பொருளைச் சேர்க்கும்போது இரண்டாவது சப்ளையரிடம் போகும் ஆசை வரும். பெட்ஷீட் கரூரிலிருந்தும் துண்டு வேறு ஊரிலிருந்தும் ஒரே ஆர்டரில் வந்தால் இரண்டு பார்சல், இரண்டு கூரியர், இரண்டு வெவ்வேறு நாளில் டெலிவரி. சிஓடியாக இருந்தால் பணத்தை எந்தப் பார்சலில் எவ்வளவு வாங்குவது என்ற குழப்பம் வேறு. முதலில் அதே குடோனில் இருக்கும் சமையலறைத் துண்டு, மேசை விரிப்பைச் சேருங்கள். ஆறு துண்டு கொண்ட செட் 400 கிராமுக்குள் இருந்தால் தனியாகப் போனாலும் அரைக் கிலோ ஸ்லாபில் அடங்கும். பெட்ஷீட்டோடு சேர்ந்து போகும்போது 1.5 கிலோ ஸ்லாபுக்குள் நிற்கிறதா என்று அட்டையில் இன்னொரு சந்து வெட்டி, அதே பேக்கிங் மேசையில் வைத்துப் பாருங்கள்.